எக்ஸைத் தின்ற கரப்பான்கள்

ஷாமளா டீச்சரின் மோட்டார் சைக்கிள் கூடையில் கத்தரிக்கோல்கள் குலுங்கும் சத்தம் கேட்டால் புக்கிட் செலம்பாவ் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை விடிந்துவிட்டது என்று அர்த்தம். வார நாட்களில் அவருக்கு இடைநிலைப்பள்ளியில் வேலை. சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் படிவம் மூன்று படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பார்.

சொல்லிக்கொடுப்பார் என்பதைவிட ஒட்ட வைப்பார் என்பதே சரி. நோட்டில் ஒரு தராசு வரைந்து, இரண்டு தட்டுகளிலும் வண்ணக் காகிதப் பொட்டுகளை ஒட்ட வேண்டும். தெரியாத எண்ணுக்கு அத்தனை பொட்டுகளைக் காகிதப் பைக்குள் போட்டு, மேலே எக்ஸ் என்று எழுதி, பையையும் தட்டில் ஒட்டி, விடை காண நோட்டை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு தட்டில் எத்தனை பொட்டைப் பிய்த்தாலும் மறு தட்டிலும் அத்தனையைப் பிய்க்க வேண்டும். கடைசியில் பையைத் திறந்து விடையைச் சரிபார்க்கலாம். காப்பியடிக்க வழியில்லை. ஒவ்வொரு நோட்டிலும் எண்கள் வேறு வேறு.

பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. அதிலும் சசிதரனின் அம்மா ராக்காயிக்கு வாய் சும்மா இருக்காது.

"பாலர் பள்ளியில ஒட்டினதையே இங்கயும் ஒட்டுறானுங்க. பரீட்சையில பேனாவுக்குப் பதிலா கத்தரிக்கோலா குடுக்கப் போறாங்க?"

பேச்சு கோயில் தலைவர் காளிதாசன் காதுக்குப் போனது. "அடுத்த சனிக்கிழமை வந்து பார்ப்பேன் டீச்சர். பிள்ளைங்களுக்கு விளங்கலைன்னா மண்டபத்தை வேற டியூஷனுக்குக் குடுத்திருவேன்," என்றார் அவர்.

நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற ஷாமளாவுக்குத் தலைவர் முன்னால் வாய் எழும்பாது. "சரிங்கண்ணே," என்றார், அவ்வளவுதான்.

அன்று பார்த்துப் பசை தீர்ந்துபோனது. திருவிழாத் தோரணத்துக்குக் காய்ச்சுவதுபோலக் கோயில் மடப்பள்ளியில் மைதா மாவைக் காய்ச்சினார். தோரணப் பசையில் பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்த விஷம் போடுவார்கள். சசிதரன் விரலை நக்குகிற பயல் என்பதால் அதைப் போடாமல் விட்டுவிட்டார். வகுப்பு முடிந்ததும் நோட்டுகளை மண்டப அலமாரியில், பொங்கலுக்கு வைத்திருந்த வெல்லத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அலமாரியைத் திறந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். மெல்லிசாகப் பசை தடவிய பொட்டுகளைக் கரப்பான்கள் தொடவே இல்லை. பசை தடித்திருந்த பைகளை மட்டும் பக்கத்தோடு தின்றிருந்தன.

"டீச்சர், என் எக்ஸைக் காணோம்!"

"எனக்கு எக்ஸும் போச்சு, உள்ள இருந்ததும் போச்சு!"

"இது எந்த ஸ்கூல் கரப்பான்லா?"

நோட்டுகளை ஒளித்துவிடலாமா என்று ஷாமளா யோசிப்பதற்குள் காளிதாசன் உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே ராக்காயியும் வந்து வாசலில் நின்றுகொண்டார். தலைவர் லோகேஸ்வரி என்ற மாணவியின் நோட்டை எடுத்து விரித்தார். ஓட்டை வழியாக டீச்சரின் முகம் தெரிந்தது.

"இதுதான் பாடமா டீச்சர்?"

தலைவர் அந்த நோட்டைச் சசிதரனிடம் நீட்டினார். "டேய், இது உன் நோட்டு இல்லதானே? இந்த ஓட்டையில எத்தனை இருந்துச்சு, சொல்லு பார்ப்போம்."

வாசலில் ராக்காயி கண்ணை மூடிக்கொண்டார்.

இடது தட்டில் மூன்று ஓட்டைகளும் நான்கு பொட்டுகளும் இருந்தன. வலது தட்டில் இருபத்தைந்து பொட்டுகள். சசிதரன் இரண்டு பக்கமும் நான்கு நான்கு பொட்டுகளைக் கையால் மறைத்தான்.

"மிச்சம் இருபத்தொண்ணு. மூணு பையிலயும் ஒரே அளவு. பைக்கு ஏழு, அங்கிள்."

"ஏழுதான்," என்றாள் லோகேஸ்வரி. "நான்தானே போட்டேன்."

"ரெண்டு பேரும் பேசி வச்சிருப்பீங்க," என்று தலைவர் வேறொரு நோட்டைத் தானே எடுத்தார். அதில் ஒரு பக்கம் இரண்டு ஓட்டைகளும் ஆறு பொட்டுகளும், மறுபக்கம் பதினாறு பொட்டுகளும் இருந்தன. "பதினாறுல பாதி எட்டு. அதுல ஆறு போனா ரெண்டு!"

மண்டபமே சிரித்தது.

"தராசு சாஞ்சிருச்சு அங்கிள்! ஓட்டைக்கு ரெண்டு ரெண்டாப் போட்டா அந்தப் பக்கம் பத்துதான் வருது."

"முதல்ல ஆறைப் பிய்க்கணும் அங்கிள், அப்புறம்தான் பாதி!"

காளிதாசன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஆறைப் பிய்த்தார். பத்தைப் பாதியாக்கினார். "அஞ்சு," என்று முணுமுணுத்தார். தட்டுகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சேதான்!" என்று உரக்கச் சொன்னார்.

"என்ன முடிவுண்ணே?" என்று வாசலிலிருந்து கேட்டார் ராக்காயி. மகன் சொன்ன விடையில் அவர் குரல் ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தது.

"சனிக்கிழமை மண்டபம் டீச்சருக்குத்தான்," என்றார் தலைவர், தலை நிமிராமலே. "இரும்மா, சத்தம் போடாத. எனக்கு இன்னொரு ஓட்டை பாக்கி இருக்கு."