காய்ச்சலுக்குக் கிளறிய களி

எழுபதுகளின் தொடக்கத்தில் பாப்பாரப்பட்டியில் மருந்துக்கடை நடத்திய ஒரே பெண் நான்தான். ஊர் என்னை நம்பியது. நான் சொல்வதைத்தான் நம்பவில்லை. மருந்தைப் பற்றி அவர்களிடம் தனிப் பாடத்திட்டமே இருந்தது. சிவப்பு மிக்ஸ்சர் ரத்தம் ஊறுவதற்கு. கசக்காத மாத்திரை வெறும் மாவு. ஊசி எல்லாவற்றுக்கும் நல்லது, வலித்தால் இன்னும் நல்லது. "கூடு பிளாஸ்டிக்குங்க, வயித்துல ஒட்டிக்கும்" என்று காப்சூலைத் திறந்து தூளை மட்டும் நாக்கில் கொட்டிக்கொண்டவர்கள் உண்டு. மகனுக்கு எழுதிய மாத்திரையில் மிச்சத்தைக் கன்றுக்குட்டிக்குக் கொடுத்துவிட்டு, "கன்னுக்குட்டி துள்ளுதுங்க, இன்னும் கொஞ்சம் குடுங்க" என்று வந்து நின்றார் ஒருவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமுடியாது என்று கத்துவேன். அவர்கள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

மருந்தாளுநரின் சான்றிதழ் எல்லார் கண்ணிலும் படும்படி கடையில் மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். வாத்தியாரான என் கணவர் சட்டத்துக்கு ரொம்பப் பயந்தவர். சான்றிதழையும் என் போட்டோவையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாதாவுக்குப் போட்ட கையோடு எனக்கும் ஒரு மாலை போட்டுவிட்டார். முதல் வாடிக்கையாளராக வந்த பெண் படத்தை அண்ணாந்து பார்த்து, "பாவம், சின்ன வயசு. எப்ப தவறுனாங்க?" என்று என்னிடமே கேட்டாள். மாலையைக் கழற்றிய பிறகுதான் வியாபாரம் தொடங்கியது.

மாமியாருக்கு இந்தக் கடை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. குடும்பத்தார் எல்லாரையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கடைக்கு ஒரு கெட்ட பேரு வந்துச்சுன்னா அன்னிக்கே சாத்திப்புட்டு எருமைங்களப் பாக்க வந்துடணும். சரியா?" சரி என்று தலையாட்டிவிட்டேன். எங்கள் எருமைகளுக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. படித்த படிப்பெல்லாம் சாணியில் போய்விடுமே என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

கெட்ட பேர் நல்ல மனிதர் ஒருவர் மூலமாகத்தான் வந்தது. பக்கத்துச் சிற்றூரில் நிலபுலனோடு வாழ்ந்த விவசாயி அவர். பஞ்சாயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் மனைவிக்கு நெஞ்சுச்சளி கட்டிக் காய்ச்சல். தர்மபுரி டாக்டர் டெட்ராசைக்ளின் காப்சூல் எழுதினார், இவர் என் கடையில் வாங்கினார். முழுக்கச் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. திரும்பவும் எழுதினார்கள், திரும்பவும் வாங்கினார், காய்ச்சல் அசையவே இல்லை. "மருந்து எங்க வாங்கினீங்க?" என்று டாக்டர் சும்மா கேட்டு வைக்க, இவருக்குப் பொறி தட்டிவிட்டது. நேரே கடைக்கு வந்து, தெருவே திரும்பிப் பார்க்க, "போலி மருந்து விக்கிறீங்களா? எங்கூட்டுல ஒரு உசுரு படுத்துக் கெடக்குதுங்க!" என்று கத்தினார். கத்தியதோடு நில்லாமல் பெட்டிஷனும் போட்டுவிட்டார்.

டிரக் இன்ஸ்பெக்டர் வந்தார். காதுகுத்துக்குக் கூடுவதுபோல் கடை முன்னால் கூட்டம் கூடியது. அவர் காப்சூல்களை எடுத்து, பங்கு பங்காகப் பிரித்துப் பொட்டலம் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். ஒரு பங்கு மெட்ராஸில் பரிசோதனைக்கு, ஒன்று கோர்ட்டுக்கு வேண்டியிருந்தால், ஒன்று என் கையிலேயே. பரிசோதனைக்காரர் மருந்து தப்பு என்றால் நான் என் பங்கைக் காட்டி வாதாடலாமாம். சட்டத்தில் என் போன்றவர்களுக்கும் ஓர் இடம் இருப்பது அன்றுதான் உறைத்தது. கூட்டத்துக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அரக்கு வைத்துவிட்டார்கள் என்றால் குற்றம் உறுதி என்பது அவர்கள் கட்சி.

அதற்கப்புறம் தலைவலி மாத்திரைக்குக்கூட ஆள் வரவில்லை. மாமியார் உடனே கடையைச் சாத்தச் சொல்லவில்லை, நல்ல மனசு. "மெட்ராஸ்லருந்து தாளு வரட்டும்" என்றார். ஆனால் சாயங்காலமானால் எருமைகளை எனக்கு ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைக்க ஆரம்பித்தார். இது உதைக்கும், இது உதைக்காது, இது உதைக்காத மாதிரி நின்று உதைக்கும்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அந்த விவசாயி வீட்டுக்கு நடந்தேன். சண்டை போடத்தான் போனேன், சமாதானத்துக்கு இல்லை. பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளினேன். பஞ்சாயத்தே அஞ்சும் அந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்து களி கிளறிக்கொண்டிருந்தார். களிக்கோல் ஒரு பக்கம் போனால் பானை ஒரு பக்கம் போனது. என்னைக் கண்டதும் திருடன் மாதிரி விழித்தார்.

வீட்டில் வேறு பெண் துணை இல்லை. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வேளையும் அவர்தான் கிளறியிருக்கிறார். என் கண் முன்னாலேயே ராகிக் களியில் ஓர் உருண்டை பிட்டார். நடுவில் விரலால் குழி செய்து சிவப்பு மஞ்சள் காப்சூலை வைத்து மூடினார். அவரைக்கொட்டைக் குழம்பில் ஒரு புரட்டுப் புரட்டி மனைவி வாயில் ஊட்டினார். களியை எங்கள் பக்கம் மெல்ல மாட்டோம், விழுங்குவோம். காப்சூல் சத்தமில்லாமல் உள்ளே போனது.

"தண்ணியில குடுத்தா தொண்டையில சிக்குதுங்க. களியில வச்சா வழுக்கிக்கினு போயிடும். நீங்க சொன்ன மாதிரி பால் மட்டும் குடுக்கவே இல்லீங்க!" என்றார் பெருமையாக.

பால் கூடாது என்று நான் கிளிப்பிள்ளை மாதிரி எல்லாரிடமும் சொல்லிவந்தது உண்மைதான். பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு டெட்ராசைக்ளின் கைகோத்துக்கொள்ளும். அப்புறம் ரத்தத்துக்குள் நுழையாது, வயிற்றோடு கிளம்பிவிடும். கல்லூரியில் அப்படித்தான் படித்தோம். கறந்த பாலெல்லாம் சொசைட்டிக்குப் போகிற ஊரில் பாலை யார் குடித்தார்கள்? பாலைவிட ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தனித்தனியாகத் தெரிந்திருந்தன. இரண்டையும் இப்படி ஒரே உருண்டையாகப் பிடித்து யாரும் எனக்குக் காட்டியதில்லை. சண்டை போட வந்த நான் பானை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். காப்சூலை வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு ரொம்ப முன்னாலேயே கொடுக்கவேண்டும், களி அப்புறம்தான் என்றேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அப்ப நான் கிளறுனதுதான் அவளப் படுக்கவச்சிதுங்களா?"

"உங்க மேல தப்பு இல்லீங்க. ஆனா ஊர்ல இத நீங்க சொல்லணும். எங்க கடை பொழைக்கணும்."

அவர் கதவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "மருந்து நல்லதுன்னு வேணா சொல்றனுங்க. நான் அடுப்புகிட்ட உக்காந்தது மட்டும் வெளிய தெரியக்கூடாதுங்க. பஞ்சாயத்துல ஒருத்தன் மதிக்கமாட்டான்."

காரணம் சொல்லாமல் மருந்து நல்லது என்றால், ஏதோ வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்பார்கள். நான் போய்ச் சொன்னாலோ தப்பிக்கக் கதை கட்டுகிறேன் என்பார்கள். அவர் மனைவி படுக்கையிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். சரி, சொல்லவில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் எருமை ஒன்று என்னைப் பார்த்துக் கனைத்தது.

தண்ணீரில் விழுங்கிய காப்சூல் தன் வேலையைச் செய்தது. காய்ச்சல் விட்டது. கொஞ்ச காலத்தில் மெட்ராஸிலிருந்து முடிவும் வந்தது, மருந்தில் குறை ஒன்றும் இல்லை என்று. தாளைக் கடை வாசலில் ஒட்டினேன். அரசாங்கத் தாளை எங்கள் ஊரில் ஆடுதான் படிக்கும். ஆள் ஒருவரும் வரவில்லை. "தாளு வந்துடுச்சு, ஆளு வரலியே" என்றார் மாமியார். வருகிற சந்தையோடு கடையைச் சாத்துவது என்று வீட்டில் பேசி முடித்தார்கள். நான் தட்டுகளில் இருந்த மருந்துகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். மனசு விட்டுப்போயிற்று.

கடை சாத்தப்போகிற சேதி எட்டியதோ என்னவோ, சந்தையன்று கூட்டம் நெரியும் நேரம் பார்த்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த விவசாயி வந்தார். கடைப் படியில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார். பஞ்சாயத்துக் குரலில் ஆரம்பித்தார்.

"இந்தக் கடை மருந்து நல்ல மருந்து. நான் சொன்னது பொய்யி. மருந்தக் கெடுத்தது களி. அந்தக் களியக் கிளறுனது நான்!"

ஆண்கள் சிரித்த சிரிப்பில் கோழிக் கூடைகள் கலவரமாயின. "ஏங்க, நீங்களா கிளறுனீங்க?" "கட்டி விழுந்துச்சுங்களா?" "எங்கூட்டுக்கும் ஒரு நாளைக்கி வாங்க!" அவர் காது சிவந்துபோய் நின்றார், படியை விட்டு இறங்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஒரு பெண் முண்டியடித்து வந்து மருந்துச் சீட்டை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கடை பிழைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த மனிதரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "போதும், இறங்குங்க" என்றேன்.

அதற்குள் அவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அவர் மனைவி முன்னால் வந்தார். இளைத்திருந்தார், குரல் மட்டும் நன்றாக இருந்தது.

"சிரிக்காதீங்க. கட்டிக்கினு வந்த நாள்லருந்து எனக்குன்னு ஒருத்தர் கிளறிப் போட்ட களி அதுதான். மருந்து ஒடம்புல ஒட்டல, சரி. அது ஒட்டிக்கிச்சு."

ஆண்கள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சந்தைக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து தெரியாமல், கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.