குடிக்காத நான் போன கூட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதம். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எங்கள் ஊரில் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுப்பு மெஷினை வயலில் விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன். கேட்டவர்களிடம் ஒரு விசேஷ வீட்டுக்குப் போவதாகச் சொல்லி வைத்தேன்.

மகனுக்கு முப்பது வயது. லோடு வண்டி ஓட்டினான், நன்றாகவே ஓட்டினான். குடி வந்தது, வண்டி போனது. மருமகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தொண்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தோம். குடிக்கப் போகும்போது கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவான், வந்ததும் மறுபடி கட்டிக்கொள்வான். சாமி மேல் அவ்வளவு மரியாதை! கடைசியில் ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ்தான், குடியை நிறுத்தியவர்களே கூடிப் பேசுகிற கூட்டம் ராமநாதபுரத்தில் ஞாயிறுதோறும் நடக்கிறது என்றார்.

அதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கே வருகிறவர்கள் பெயரை வெளியே சொல்வதில்லை, வாசலில் போர்டும் கிடையாது. கூட்டம் என்றதும் ஒருவர் ஜெபக் கூட்டத்துக்கு வழி காட்டினார். ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "குடிக்கிற எடம்னா கண்ணை மூடிக்கிட்டுக் கொண்டுபோய் விட்டுருவேன். நிறுத்துற எடம் தெரியலையேண்ணே" என்றார்.

விசாரித்து விசாரித்து, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறைக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் மகன் நின்றுவிட்டான். "நீங்க போய்ப் பாருங்கய்யா, நான் இங்கனயே நிக்கிறேன்." நான் உள்ளே தலையை நீட்டியதுதான் தாமதம், இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். "வாங்கய்யா, புதுசா? சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீக" என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, டீயும் கொடுத்தார்கள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வெற்றிலைகூடப் போடாத ஆள் நான். குடிக்கிறது நானில்லை, அதோ நிற்கிறானே அவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகன் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை பேர் முன்னால் கை நீட்டிக் காட்டினால் இனி இந்தப் பக்கமே வரமாட்டான் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். என் வீட்டுக்குள் நடந்ததையே ஆளாளுக்குச் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மகன் மெதுவாகக் கேட்டான், "உள்ள என்னய்யா சொன்னாக?" பெயர், ஊர் எதுவும் இல்லாமல் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான். அழுதான் என்று நினைக்கிறேன். நான் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் இதே கதைதான். நான் உள்ளே, அவன் வெளியே. அந்த அறையிலிருந்து நான் வருவதை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். 'பெரியவருக்கே பழக்கமாம்' என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பேசினால் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த மனிதர்களிடம் மறைப்பது மட்டும் உறுத்தியது. கூட்டம் நடத்துகிறவரிடம் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "மொத நாளே தெரியும்யா. குடிக்கிறவன் மொத நாள் டீ கிளாஸை ரெண்டு கையாலதான் பிடிப்பான். நீங்க ஒரு சொட்டு சிந்தலையே. புள்ள வார வரைக்கும் நீங்க வாங்க."

பங்குனியில் ஒருநாள் அது நடந்தது. மகன் வாசலில் செருப்பைக் கழற்றினான். ஒரு காலை உள்ளே வைத்தான். யாரோ ஒருவர் பிரியமாக அவனுக்கென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் பஸ்களை விட்டு விட்டுக் காத்திருந்தேன். வரவில்லை.

அதோடு சரி, பிறகு அவன் கூட்டத்துப் பக்கமே வரவில்லை. இப்போது வயிறு வீங்கி வீட்டில் கிடக்கிறான். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆபத்து என்கிறார் டாக்டர். நடக்க முடிகிற நாளில் நடந்து போய்க் குடித்துவிட்டு வருகிறான். "இன்னிக்கு வாரியாப்பா?" என்று ஞாயிறு காலையில் கேட்பேன். "அடுத்த வாரம் வாரேன்யா" என்பான். நான் மட்டும் போகிறேன். போன மாதம் அங்கே ஒரு பையன், குடியை விட்டு வருடம் நிறைந்ததென்று கேக் வெட்டினான். அவனைப் பெற்றவர் பக்கத்தில் நின்று அழுதார். எனக்குக் கொடுத்த துண்டைத் தின்னாமல் தட்டிலேயே வைத்துவிட்டேன். பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொறாமைதான்.

மகனுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் கை கட்டி நின்றேன், சம்பந்தி வீட்டில் பேச்சு வாங்கினேன், குடிகாரன் என்ற பெயரைக்கூட வாங்கிக்கொண்டேன். ஆனால் அவன் எடுத்து வைக்க வேண்டிய அந்த இன்னொரு காலை மட்டும், பெற்ற தகப்பனாக இருந்தும் என்னால் எடுத்து வைத்துக் கொடுக்க முடியவில்லை.