எழுப்புகிறேன் என்று சொன்னது நான்

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பவள் நான்தான். பேய், காத்து கருப்பு, மந்திரித்த கயிறு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையில், தெருவே பயந்து ஒதுங்கும் சுடுகாட்டுக் குறுக்குப் பாதையில்தான் நான் மூன்று வருஷம் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், ஒன்றும் என் காலைப் பிடித்து இழுக்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு நடந்தது இது, அதுவும் பட்டப்பகலில்.

நான் படித்தது ஹோட்டல், டூரிசம் மேனேஜ்மென்ட். சேர்ந்த அன்றைக்கே எதிர்வீட்டு அத்தை எங்கள் அப்பாவிடம், "பாய் விரிக்கறதுக்கு மூணு வருஷம் படிக்கணுமா இன்னா?" என்று கேட்டார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், வாய்க்குக் குறைச்சல் இல்லை. "ஆங், அவ விரிக்கற பாய்ல வெள்ளைக்காரன் வந்து படுப்பான், நீ போய் உலைய பாரு" என்றார். எனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

எங்கள் வகுப்புக்கே பயிற்சிக்கு ஒரே ஒரு கட்டில்தான். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று விரிப்பை இழுத்து, மூலையைக் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். எனக்கு ஜோடி ரேவதி. அம்மையார்குப்பத்துப் பெண், வீட்டில் நாலு பவர்லூம், அப்பாவை நைனா என்பாள். அவளுக்கு இடது கைப் பழக்கம். அவள் மடிக்கிற மூலை மட்டும் எப்போதும் எதிர்ப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும், மேடம் ஒவ்வொரு முறையும் ஒரு மார்க்கைக் குறைப்பார். "கெஸ்ட் மூலைய பாத்தா தூங்கப் போறான்?" என்று அவள் என் காதில் முணுமுணுப்பாள், நான் சிரித்து மாட்டிக்கொள்வேன். இன்று சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பது பேரை வேலை வாங்குகிறேன், ஆனால் அந்த ஒற்றைக் கட்டிலைச் சுற்றி நின்று சிரித்த மாதிரி ஒரு நாளும் சிரித்ததில்லை.

கடைசி வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் திருத்தணி மலையடிவாரத்து லாட்ஜ் ஒன்றில் பயிற்சி. காலேஜில் மற்றவர்களுக்கெல்லாம் சென்னை, பெங்களூரு என்று கிடைத்தது, எங்கள் வீடுகளில் அவ்வளவு தூரம் அனுப்பவில்லை. எங்களுக்கு வருத்தமே இல்லை. மத்தியானம் மொட்டைமாடியில் காயும் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவோம், மலைப்படியில் ஏறுகிறவர்கள் போடும் அரோகரா அங்கே வரைக்கும் கேட்கும், வெயிலில் காய்ந்த துணியின் வாசனை சோற்றிலும் ஏறியிருக்கும். பயிற்சி முடிந்து லாக் புக்கில் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் கடைசிப் பரீட்சை எழுத முடியும். அதனால் அவர் சொல்வதுதான் எங்களுக்கு வேதம்.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், சித்தூர்ப் பக்கமிருந்து ஒரு பஸ் நிறைய காவடி எடுப்பவர்கள் மத்தியானம் பன்னிரண்டுக்கு வருவதாக இருந்தது. இரண்டாம் மாடியில் பன்னிரண்டு அறைகள் தயாராக இருக்க வேண்டும். அன்று காலை ரேவதி போன் செய்தாள்.

"இன்னிக்கி வர முடியாது கோமு. ஆடின்னுகூட பாக்காம பொண்ணு பாக்க வராங்க. புடிச்சா அடுத்த மாசமே கல்யாணமாம். படிப்பு அவ்ளோதான்னு நைனா சொல்லிட்டாரு."

அவள் குரல் நடுங்கியது. எனக்கு வந்ததோ கோபம். "பன்னெண்டு ரூம நான் ஒருத்தியே செய்யணுமா? நல்லா இரு" என்று போனை வைத்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாலு அறையை எப்படியோ ஒப்பேற்றிவிட்டு ஐந்தாவதில் விரிப்பை உதறினேன். மணி பத்தரை இருக்கும். எதிர்ப்பக்கத்தில் துணியை யாரோ பிடித்தார்கள். நிமிர்ந்தால் ரேவதி, யூனிபார்மில் நிற்கிறாள். எனக்கு வந்த நிம்மதியில் எப்படி வந்தாய், எதில் வந்தாய் என்று ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை.

"போய்ட்டாங்களா?" என்றேன். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் பேச்சு. எப்போதும் வாய் மூடாதவள் அன்று கடகடவென்று வேலை பார்த்தாள், நான் இழுத்தால் அவள் இழுப்பாள், நான் செருகினால் அவள் செருகுவாள். பன்னிரண்டாவது அறை, 212, அதை முடிக்கும்போது மணி பதினொன்றரை. அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"தூக்கம் தூக்கமா வருது கோமு. கொஞ்ச நேரம் படுத்துக்கட்டா?"

கெஸ்ட் கட்டிலில் உட்காரக்கூடக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் சொன்ன பாடம். ஆனால் காலையில் திட்டிய குற்ற உணர்ச்சி எனக்கு. "படு. பஸ் வந்ததும் நானே வந்து எழுப்பறேன். நான் கூப்படற வரைக்கும் எழுந்துக்காத, மேனேஜர் கண்ணுல பட்டா ரெண்டு பேருமே காலி" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

வந்தவள் மறந்துவிட்டேன். நம்பினால் நம்புங்கள், சுத்தமாக மறந்துவிட்டேன். பஸ் முன்னதாகவே வந்துவிட்டது, மோர் கொடுக்க, பை தூக்க, சாவி கொடுக்க என்று மூன்று மணி வரைக்கும் நிற்க நேரமில்லை. ஞாபகம் வந்தபோது 212-க்கு ஆள் போய் வெகு நேரமாகியிருந்தது. சத்தம் கேட்டு நழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு மொட்டைமாடியில் டப்பாவைத் திறந்துவிட்டு, சாப்பிடாமல்கூட எங்கே போனாய் என்று கேட்கத்தான் அவளுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவள் அம்மா, ஒரே அழுகை.

"காலைல பத்து மணிக்கு பொடவ கட்டிகினு சேர்ல உக்காந்தவ, அப்டியே தூங்கிட்டாம்மா. வந்தவங்க பாத்துட்டு எழுந்து போய்ட்டாங்க. தண்ணி தெளிச்சோம், கிள்ளிப் பாத்தோம், கண்ணே தொறக்கல. இங்க திருத்தணி ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிகினு வந்துகிறோம். எல்லாம் சரியாத்தான் இருக்குது, ஏன் எழுந்துக்கலன்னு தெரியல, சென்னைக்கு இட்டுகினு போங்கன்றாரு டாக்டர்."

காலையிலிருந்து அவள் எங்கேயும் போகவில்லையா என்று கேட்டேன். "சேர விட்டு எங்கம்மா போவா?" என்றார். டப்பாவை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

212 வாசலில் மேனேஜர் பிடித்துக்கொண்டார். "இன்னாமா, கெஸ்ட் ரூம்ல போய் கதவத் தட்டிகினு? கையெழுத்து வேணுமா வேணாமா?"

"வேணாம் சார்" என்று சொல்லிவிட்டுத் தட்டினேன். மூன்று வருஷப் படிப்பு அது, எங்கள் அப்பா ஓட்டிய ஓட்டமெல்லாம் அதில் இருந்தது. இருந்தும் அப்படித்தான் வாயில் வந்தது.

மஞ்சள் புடவை கட்டிய அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். உள்ளே மூன்று பேர் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது இந்தக் கட்டிலில் படுத்தீர்களா என்றேன். "காவடி எடுக்கறவங்க நாங்க, விரதம். கட்டில்ல குந்தக்கூட மாட்டோம்மா" என்றார் தெலுங்கு கலந்த தமிழில்.

கட்டிலைப் பார்த்தேன். ஒரு பாதி நாங்கள் விரித்தபடியே சுருக்கமில்லாமல் இருந்தது. மறுபாதி ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது, தலையணை நடுவில் குழிந்திருந்தது. கை வைத்தேன், சூடு. ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்பீர்கள், நானும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு மேனேஜர், கெஸ்ட் எல்லோரும் பார்க்க, அந்தக் காலிக் கட்டிலிடம் குனிந்து, "ரேவதி, எழுந்துருடி. கோமு வந்துட்டேன்டி. நேரமாச்சு, எழுந்துரு" என்றேன். ஒன்றும் ஆகவில்லை. அழுகை வந்துவிட்டது. மறுபடியும் கூப்பிட்டேன், மன்னிச்சுக்கடி என்றேன். தலையணை மெல்ல உப்பி மேலே வந்தது. நான் மட்டும் பார்த்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். பக்கத்தில் நின்ற அந்த அம்மா "முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. "எங்கடி இருக்க? பசிக்குது, இவங்க எனக்கு ஊசி போட்டுகினு இருக்காங்க" என்றாள் ரேவதி. நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

தூங்குமூஞ்சிப் பெண் என்று பேர் பரவியதில் மேற்கொண்டு சம்பந்தம் எதுவும் வரவில்லை, சரி படித்துத் தொலை என்று அவள் நைனா விட்டுவிட்டார். மேனேஜரும் கடைசியில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "எட்டு ரூம்ல ஒரு பக்கத்து மூல தலைகீழா திரும்பியிருக்குது, யாரு போட்டது?" நான்தான் சார் என்றேன். ரேவதிக்கு லாட்ஜுக்கு வந்தது எதுவுமே ஞாபகமில்லை. நல்ல தூக்கம் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவள் தோஹாவில் ஒரு ஹோட்டலில் இருக்கிறாள். இத்தனை வருஷமாகத் தினமும் காலையில் நான்தான் அவளை எழுப்புகிறேன். அலாரத்துக்கு அசைய மாட்டாள், அறைத்தோழி போனை எடுத்து அவள் காதருகே வைப்பாள், நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே, "ஆங், எழுந்துட்டேன்" என்பாள். குரலைப் பதிவு செய்து வைத்தால் போதாதா என்பீர்கள். வைத்துப் பார்த்தோம், பலிக்கவில்லை. போன வாரம் என் வீட்டுக்காரரை விட்டுக் கூப்பிடச் சொன்னேன், பத்து முறை கூப்பிட்டார், அசையவில்லை. எனக்கு அடுத்த மாதம் பிரசவம், ஆபரேஷன்தான், முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். ஒன்றும் ஆகாது, சாதாரண ஆபரேஷன் என்று எல்லோரும் எனக்கு தைரியம் சொல்கிறார்கள். எனக்கு என்னைப் பற்றிப் பயமில்லை. அன்றைக்குக் காலையில் ரேவதியை யார் எழுப்புவது என்றுதான் தெரியவில்லை.