கம்பைலர் தூக்கிப் போட்ட விதி

நான் எழுதும் கம்பைலருக்கு, அதாவது நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளுக்கு, முதலாளி கிடையாது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஏழெட்டுப் பேர் இலவசமாக எழுதுகிறோம். நான் காசிமேட்டில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அது புரிந்துகொள்ளும் மொழி கொஞ்சம் சொகுசானது. எப்படிச் செய்வது என்று சொல்ல வேண்டாம். என்ன வேண்டும், என்ன கூடாது என்று விதிகளைக் கொடுத்தால் போதும், வழியை அதுவே தேடிக்கொள்ளும்.

கீழ்வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லி அலட்டிக்கொண்டேன். அவருக்கு மூன்று மீன்பிடி போட்டு. யார் எதில் போவது என்று வாராவாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, அடித்து, மண்டையைப் பிய்த்துக்கொள்வார். "உன் பொட்டிக்கு இன்னா தெரியணுமோ கேளு" என்றார். போட்டுக்கு ஒரே ஒரு டிரைவர். ஒரு வீட்டு ஆம்பளைகள் இரண்டு பேர் ஒரே போட்டில் போகக் கூடாது. இப்படி ஒன்பது விதிகள். இரண்டு வாரம் பட்டியல் கச்சிதமாக வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, கம்பைலரை வேகமாக்க இறங்கினேன். ஒரு விதியின் வேலையை இன்னொரு விதியே பார்த்துவிட்டால், முதலாவதை நீக்கிவிடும்படி எழுதினேன். அக்காவின் மகன்கள் இரண்டு பேரும் டிரைவர்கள். போட்டுக்கு ஒரு டிரைவர் என்றாலே பிரிந்துவிடுவார்கள். வேறு எந்த வீட்டிலும் இரண்டு பேர் இல்லை. அப்புறம் வீட்டு விதி எதற்கு என்று கம்பைலர் அதைக் கழித்துக்கட்டியது. குழுவில் எனக்குப் பாராட்டு வேறு.

அடுத்த வாரம் ஒரு போட்டு இன்ஜின் வேலைக்குப் போனது. அதை ஓட்டும் அக்காவின் சின்ன மகனை வலை இழுக்கும் ஆளாக மாற்றிப் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். அக்கா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்.

"இன்னாமே, ரெண்டு பேரையும் ஒரே போட்ல போட்டுக்கீற?"

"ஏதோ தப்பாயிடுச்சுக்கா, மாத்திடலாம்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவுங்க அப்பனும் சித்தப்பனும் ஒரே போட்லதான் போனாங்க. ரெண்டு பேரும் திரும்பி வர்ல."

மாடிக்கு ஓடினேன். போன வாரத்து ஆட்களைப் பார்த்துவிட்டு, எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று விதியையே அறுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பாராட்டு வாங்கிய என் வேலையை நானே பிடுங்கிப் போட்டேன். புதுப் பட்டியலில் அண்ணன் ஒரு போட்டு, தம்பி ஒரு போட்டு.

அந்த ஒன்பது விதிகளையும் அந்த வாரத்து ஆட்களையும் கம்பைலரின் சோதனைகளில் சேர்த்துவிட்டேன். யார் எந்த ஊரிலிருந்து எதைத் திருத்தினாலும் முதலில் அந்தச் சோதனை ஓடும். அண்ணனும் தம்பியும் ஒரே போட்டில் ஏறினால் திருத்தம் கம்பைலருக்குள் போகாது. குழுவில் ஒருவர், சோதனை நேரத்தைத் தின்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டார். முடியாது என்று ஒரே வார்த்தையில் எழுதினேன். காரணம் கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்கும்.

அக்கா இன்னமும் படியில் பார்த்தால் கேட்பார்: "என் புள்ளைங்க உன் பொட்டியில கீறாங்களாமே?"

"கீறாங்கக்கா. தனித்தனி போட்ல."