செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த ஸ்டோர்

திருப்பதியில் என் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடை இருக்கிறது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருப்பவர்களுடையது. திறந்த புதிதில் அதன் தரையில் முகம் பார்க்கலாம். இப்போது பால் வைக்கும் பெட்டிக்கடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, பருப்புப் பொட்டலத்தைத் தொட்டால் விரலில் தூசி ஒட்டுகிறது, மூலையில் எலிப் புழுக்கை. "இவ்ளோ பெரிய கம்பெனி, கூட்டிப் பெருக்க ஒரு ஆளு இல்லியாம்மா?" என்று மகள் பொரிந்து தள்ளுவாள். எனக்கோ, இங்கேயும் எவனோ ஒருவன் மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்து உட்கார்ந்திருப்பான் என்று தோன்றும். உடனே நைனாவின் ஞாபகம் வந்துவிடும்.

நைனா என்றால் என் அப்பா. புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் எங்கள் ஊர். சித்தூரில் தலைமை ஆபீஸ் வைத்து ஜில்லா முழுக்கக் கிளைகள் நடத்திய ஒரு பண்டகசாலை எங்கள் ஊரிலும் இருந்தது. அரிசி, பருப்பு, சர்க்கரை, சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஊர்க்காரர்கள் வாயில் அது ஸ்டோர். நைனா அதற்கு மேனேஜர். மேனேஜர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், எடை போடுவதும் அவர்தான், பொட்டலம் மடிப்பதும் அவர்தான்.

ஆனால் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். மூட்டைகள் தரையில் படாமல் பலகை மேல் நிற்கும். தராசுத் தட்டை வாரத்துக்கு ஒரு தரம் புளி போட்டுத் தேய்ப்பார். மண்ணெண்ணெய் வாடை அரிசிக்கு வரக்கூடாது என்று அதைப் பின்கட்டில் தள்ளி வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாராம். யாரையும் கழற்றச் சொன்னதில்லை. அவரைப் பார்த்து ஒருவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று ஊரே கழற்றியது. கோயில் வாசலைப் போல ஸ்டோர் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து அவற்றை ஜோடி ஜோடியாக அடுக்குவது என் உத்தியோகம். எட்டு வயதில் எனக்கிருந்த கர்வம் பிறகு எந்த வயதிலும் இருந்ததில்லை.

அப்புறம் ஆந்திரா தனியாகப் பிரிந்தது. எங்கள் ஜில்லா அந்தப் பக்கம் போனது. ஆனால் எல்லையோரத்து ஊர்கள் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்பது முடிவாகவில்லை. ஸ்டோரின் வெள்ளைச் சுவர் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் வசதியாகப் போயிற்று. ஒரு பாதியில் தமிழில் எழுதினார்கள், மறுபாதியில் தெலுங்கில். நைனா தன் கையாலேயே இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தார். மூன்றாம் தடவை அடிக்கச் சுண்ணாம்பு இல்லை. சித்தூரிலிருந்து அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

பெருக்குகிற அம்மாளையும் நிறுத்தினார்கள். கூரை ஓடு உடைந்தது, மாற்ற ஆள் வரவில்லை. நைனா எழுதினார். எல்லை முடிவாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. நாளைக்கு எவன் கைக்கோ போகப்போகிற கட்டடத்துக்கு இன்றைக்கு யார் செலவு செய்வான்? ஓட்டை வழியாக மழை வந்தது, பின்னாலேயே எலி வந்தது, அரிசியில் வண்டு வந்தது. சுவரில் தண்ணீர் இறங்கிய கோடுகள் பழுப்பாகப் படிந்தன. வாசலில் செருப்புகள் குறைந்தன. ஒரு நாள் ஒருவர் செருப்புக் காலோடு உள்ளே போனார். நான் கத்தப் போனேன். நைனா வேண்டாம் என்று தலையசைத்தார்.

கடைசியில் ஒரு கோடையில் சித்தூர் ஆபீசர் நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. நைனா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். ரேணிகுண்டா ஜங்ஷனுக்கே போய் அவரை அழைத்து வருவதாக விடியற்காலையில் கிளம்பினார். ஸ்டோர் சாவியை அம்மாவிடம் கொடுத்தார்.

"பத்து மணிக்கு தொறந்து வெச்சா போதும். ஒண்ணையும் தொடாதீங்க. ஓட்டை ஓட்டையாவே இருக்கட்டும், புழுக்கை புழுக்கையாவே இருக்கட்டும். அவரு கண்ணால பாத்தாத்தான் ஓடு வரும்" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். அவர் தெருமுனை திரும்பியதும் ஸ்டோரைத் திறந்தாள். உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகினாள்.

"வேணான்னு நைனா சொல்லிச்சே?" என்றேன்.

"அது ஆம்பள பேச்சு. வர்ற மனுசன் மூக்கப் பொத்திக்கினு போனா, உங்க நைனா ஊர்ல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நடக்கும்? போயி அத்தைய கூட்டிக்கினு வா."

விருந்தாளி வருகிற வீட்டை அழுக்காக வைத்திருக்க எங்கள் ஜாதிப் பெண்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அத்தை தன் வீட்டுப் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த சுண்ணாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா அரிசியைப் புடைத்தாள். அத்தை தண்ணீர்க் கோடுகள் மேல் சுண்ணாம்பு அடித்தாள். நான் மூட்டைகளுக்குப் பின்னால் தவழ்ந்து போய் எலி வளைகளில் கண்ணாடிச் சில்லு திணித்துக் களிமண் பூசினேன். அந்த இடுக்கில் நுழைய என்னால் மட்டும்தான் முடியும் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியாகத் தரையைக் கழுவி, வாசலில் ஒரு கோலமும் போட்டாயிற்று.

ஆபீசர் வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், குனிந்து பூட்ஸைக் கழற்றினார். நான் ஓடிப் போய் அதை ஜோடியாக வைத்தேன். பின்னால் வந்த நைனா உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நினைத்தேன்.

"பாக உந்தி, சாலா பாக உந்தி" என்று தெலுங்கில் மெச்சிக்கொண்டே ஆபீசர் சுற்றி வந்தார். பிறகு சிரித்துக்கொண்டு தமிழில் கேட்டார். "இவ்ளோ நல்லா வெச்சிக்கினு எதுக்கய்யா மாசா மாசம் அழுது எழுதறே?"

"மேல ஓடு, சார்... மழை வந்தா..." என்றார் நைனா.

வெளியே கொளுத்துகிற வெயில். ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சம் புதுச் சுண்ணாம்புச் சுவரில் ரூபாய் அளவுக்கு அழகாகத் தெரிந்தது. "யாரு பெருக்கறது?" என்றார். நைனா அம்மாவைப் பார்த்தார். அந்நிய மனிதர் முன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது நான்தான் குறுக்கே புகுந்தேன்.

"நாங்கதான் சார்! நான், அம்மா, அத்தை!"

ஆபீசர் என் கன்னத்தைத் தட்டினார். "இவங்க இருக்கும்போது சம்பளத்துக்கு ஆளு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். இந்தக் கிளைக்குப் பழுது பார்ப்பு எதுவும் தேவையில்லை என்று எழுதினாராம். நைனா யாரையும் திட்டவில்லை. ராத்திரி சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார், அவ்வளவே.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் ஓடு மொத்தமாகச் சரிந்தது. அரிசி மூட்டைகள் ஊறி முளைவிட்டன. அந்த நாற்றம் தெருக்கோடி வரைக்கும் வந்தது. ஆபீசரே பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதின கிளை இப்படி ஆனதென்றால் மேனேஜரின் அஜாக்கிரதைதான் என்று சித்தூரில் முடிவு செய்துவிட்டார்கள். கிளையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நைனாவுக்கு வேலை போயிற்று.

மிச்சத்தை ஏற்றிப் போக ஆட்கள் வந்தபோது நான் வழக்கம்போல வாசலில் நின்றேன். சேற்றுக் காலோடு உள்ளே போனார்கள், வந்தார்கள். யாரும் எதையும் கழற்றவில்லை. கடைசியில் நைனா வந்தார். அவரும் செருப்போடு படியேறினார்.

"நைனா, செருப்பு!" என்று கத்தினேன்.

அவர் நின்று காலைக் குனிந்து பார்த்தார். "இருக்கட்டும்மா" என்றார். உள்ளே போய்விட்டார்.

எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, நைனாவே செருப்போட உள்ள போச்சு!" என்று சொல்லிச் சிரித்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தரை சேறானதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுவாதம்மா. நாளைக்கு நாம ரெண்டு பேரும் போயி, அன்னிக்கு மாதிரியே கழுவி வெச்சிடலாம்."

தேற்றத்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் அம்மா ஏன் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.