குயிலுக்கு வாய் கொடுத்த கதை

மணிக்கூடு திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் நேரத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகமாட்டார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களுக்குச் சொல்லவா வேண்டும். எண்பதுகளின் நடுவிலிருந்து பதினொரு வருடம் நான் ஆங்கிலேயர் ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் அப்படி நின்றேன்.

ஒரேயொரு கூவல்

போலந்துக் கிழவர் ஒருவர் குயில் மணிக்கூடு கொண்டுவந்தார். மரக்குயில் எட்டிப் பார்த்து மணிக்கு மணி கூவுமே, அந்த வகை. தன் மொழியில் அந்தக் குயிலுக்கு 'குக்குவ்கா' என்று பெயர் என்றார். திருத்தி முடித்து, அவர் முன்னாலேயே பெருமையாக முள்ளை ஒரு மணிக்குத் திருப்பினேன். குயில் ஒருதரம் கூவிவிட்டு உள்ளே போய்விட்டது.

மனிதர் வெளிறிப்போனார். அவர்கள் ஊரில் குயில் எத்தனை தரம் கூவுகிறதோ, கேட்டவருக்கு அத்தனை வருடம்தான் மிச்சமாம். அவசரமாக முள்ளைப் பன்னிரண்டுக்குச் சுற்றினேன். குயில் பன்னிரண்டு தரம் கூவியதை விரல்விட்டு எண்ணி முடித்து அவர் சொன்னார்: "இது போதும். இதற்கு மேல் என்னை என் மனைவி பொறுக்கமாட்டாள்."

கனகு அண்ணையின் ஆராய்ச்சி

குக்குவ்கா என்ற அந்தப் பெயர் எப்படி வந்திருக்கும் என்று பக்கத்து மேசைக் கனகு அண்ணையிடம் கேட்டேன். அவர் கண்ணில் மாட்டிய லென்சைக்கூடக் கழற்றவில்லை. "கா எண்டு கத்துறது காகம், குக்கூ எண்டு கத்துறது குக்குவ்கா. இதில ஆராய என்னடா தம்பி இருக்கு?"

அடைத்திருந்த துணி

பொஸ்னியாவில் சண்டை மூண்டபிறகு அங்கிருந்து அகதியாக வந்த பெண்ணொருத்தி, நின்றுபோன குயில் மணிக்கூடு ஒன்றைத் தந்தாள். ஓடினால் போதும் என்றாள். திறந்தால், குயிலுக்குக் குரல் கொடுக்கும் துருத்தியில் துணி அடைத்திருந்தது. நானும் அகதியாக வந்தவன்தானே என்ற பாசத்தில், அவள் கேட்காமலே அதையும் எடுத்துவிட்டேன். அவள் வந்ததும் கூவவைத்தேன்.

காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். தண்ணீர் குடித்தபிறகு, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் மொழியில் குயில் 'குகவிட்சா'. ஒப்பாரி வைப்பதற்கும் அதே அடிச்சொல்தான். தம்பியைப் பறிகொடுத்த அக்கா அழுதழுதே குயிலாகிப்போனாள் என்பது அவர்கள் கதை. அவளுடைய தம்பியை ஆயுதக்காரர் கூட்டிக்கொண்டுபோய் ஒன்பது மாதம். இருக்கிறானா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை.

எனக்கு என் கையையே வெட்டிப்போடலாம் போலிருந்தது. கனகு அண்ணை குப்பைக் கூடையைக் கிளறித் துணியை எடுத்துத் தந்தார். பழையபடி அடைத்தேன். இறுக்கமாக இருக்கிறதா என்று அவளே விரலால் அழுத்திப் பார்த்தாள். "செய்தி வரும்வரை அது அழக்கூடாது."

அன்றைக்குப் பிறகு ஊமைக்குயில் எது வந்தாலும், வாயை நீங்களா கட்டினீர்கள் என்று கேட்காமல் நான் திருகாணியில் கைவைத்ததில்லை.