எருக்கு வகையறா

செத்த எலி நாறுவது போன்ற ஒரு வாடை. மழை பெய்து சில நாள் கழித்து ஏரியூர்ப் பக்கத்துக் கரட்டில் ஏறினால் அதுதான் முதலில் மூக்கில் அடிக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் பாறை இடுக்கில் இலையே இல்லாத நாற்பட்டைத் தண்டின் நுனியில், பந்துபோலத் திரண்டு, கருஞ்சிவப்பாகக் கள்ளிமுளையான் பூத்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் நானும் என் தோழி செல்வியும் அந்தக் கரட்டுச் செடிகளை வகை பிரித்து ஒரு நோட்டில் எழுதினோம். கிள்ளினால் பால் வடிந்து, காய் வெடித்தால் பஞ்சு வைத்த விதை பறக்கிற எருக்கையும் வேலிப்பருத்தியையும் சேர்த்து "எருக்கு வகையறா" என்று பெயர் வைத்தோம். சண்டை வந்தது கள்ளிமுளையானால்தான்.

"பாலே வரல, இது எப்படி எருக்குக்குச் சொந்தமாவும்? தண்டப் பாத்தா கள்ளிதான், சதுரக்கள்ளியோட சேத்துடு" என்றாள் செல்வி.

சதுரக்கள்ளியிலும்தான் பால் உண்டு, ஆனால் அதன் விதையில் பஞ்சு கிடையாது, அதனால் பாலை வைத்தல்ல, பஞ்சை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்று நான் மறுத்தேன். கள்ளிமுளையான் காய்க்கும்வரை இருவரும் காத்திருந்தோம். இரண்டு கொம்புகளாகக் காய் நீண்டு, முற்றி, ஒரு மத்தியானம் வெடித்துப் பஞ்சு பறந்தபோது, "தோத்துட்டன்டி" என்று தோற்றவளே கைதட்டிச் சிரித்தாள். அந்த இடத்தை யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டோம்.

நான் ஒருவருக்குச் சொன்னேன். என் அம்மாவின் தம்பி, பக்கத்துத் தெருவிலிருந்த மாமா. "முள்ளுல சுத்தறா" என்று வீட்டில் எல்லோரும் திட்டியபோது, என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். "எங்கெங்க இருக்குது கண்ணு?" என்று ஆசையாகக் கேட்டார், நானே பாறை பாறையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

பத்துநாள் கழித்துப் போனபோது இடுக்குகளெல்லாம் கடப்பாரையால் நோண்டப்பட்டு, ஒரு தண்டுகூட மிச்சமில்லை. மாமா என் நினைவுக்கே வரவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் செல்வியைப் பார்த்து, "நீதான் காட்டிக்கொடுத்த" என்று கத்தினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு பின்பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக் கொல்லையில், தார்ப்பாயில் துண்டுதுண்டாக நறுக்கிக் காயப்போட்டிருந்தது அத்தனையும். உடம்பு இளைக்கிற மாத்திரைக்கு யாரோ வாங்குகிறார்களாம். அவர் மறைக்கக்கூட இல்லை.

"காட்டுல கெடக்கறதுக்கு யாரு கண்ணு சொந்தக்காரங்க? நீ காட்டலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தபடி என் தலையைத் தடவினார். அந்தக் கை எப்போதும்போல இதமாகவே இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டை அடுப்பில் போட்டேன். செல்வியிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை; சொன்னால் மாமாவைத் திருடர் என்று சொல்லவேண்டும்.

இப்போது தருமபுரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். எருக்குக் குடும்பத்தையே இன்று அரளிக் குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். மழைக்குப் பின் அந்தக் கரட்டில் ஏறிப் பார்க்கிறேன். எருக்கு இருக்கிறது, கள்ளிமுளையான் திரும்பி வரவேயில்லை.

போன மாதம் அரூர் பேருந்தில் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க மாமன் சாக்கோட கரட்டுலருந்து எறங்குனத நான் பாத்தேன். உனக்கு அவருன்னா உசுரு. நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?" என்றாள்.

நம்பியிருப்பேன் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.